பின்கண்ணாடி வைப்பர்

சிறுநீரகம் பழுதான கணவர் சவரிமுத்துவையும் அவரைப் போன்ற இன்னும் சிலரையும் மலையிலிருந்து டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வேனை லூர்துமேரிதான் ஓட்டினாள். மழை தொடங்கியதும் பின்கண்ணாடி வைப்பர் நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள் பட்டறையில். விட்டால் மறுநாள் யாருக்கும் சிகிச்சை இல்லை.

"நீங்க உள்ள ஸ்விட்சைப் போட்டுட்டு உக்காருங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பின்கதவைத் தூக்கினாள். கதவு பாதி உயர்ந்தபோது வைப்பர் ஒருமுறை துடித்து நின்றது. கொஞ்சம் இறக்கினாள். மறுபடி துடித்தது.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லைங்க. கதவு மடங்குற எடத்துலதான் ஒயரு அறுந்திருக்கு."

"பட்டறைக்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியப்போவுது?"

அவள் கதவின் கீலருகே இருந்த ரப்பர் குழாயை உருவினாள். உள்ளே ஒரு ஒயர் அறுந்து, முனைகள் உரசிக்கொண்டிருந்தன. மேலுறையைச் சீவி, செம்புக் கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றினாள். வைப்பர் கண்ணாடி முழுக்கப் போய்த் திரும்பியது.

மறுநாள் கொட்டும் மழையில், கொண்டை ஊசி வளைவொன்றில் எதிரே ஒரு பேருந்து வந்து நின்றது. வேனுக்குப் பின்னால் ஒரு பக்கம் பள்ளம். லூர்துமேரி தெளிந்த பின்கண்ணாடி வழியே பார்த்தபடி, வேனை மெல்ல மெல்லப் பின்னுக்கு எடுத்து ஒதுக்கினாள். கடந்து போகும்போது பேருந்து ஓட்டுநர் தலையை நீட்டி, "யாருய்யா ஓட்டுறது?" என்று கத்தினார்.

சவரிமுத்து ஊசித் தழும்பேறிய கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நனைய நனையச் சொன்னார்: "எம் பொண்டாட்டி!"