தேடியது கிடைக்காவிட்டால்

“கம்ப்யூட்டர் தானா எதையும் அழிக்காது. கைதான் அழிக்கும்!”

எல்லார் முன்னாலும் ஜெபதுரை சத்தம் போட்டார். இசபெல்லா தலை குனிந்து நின்றாள்.

கொடைக்கானலில் அந்த மழை ஆராய்ச்சி நிலையத்துக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகள், எழுதத் தெரிந்தவர் ஜெபதுரை ஒருவர்தான். ஓட்டுகிறவள் இசபெல்லா. தற்காலிக வேலை.

அன்று வெள்ளனே வந்து, குப்பைக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினாள். போனது குப்பை இல்லை. மலையெல்லாம் அலைந்து சேர்த்து, கம்ப்யூட்டரில் அவளுடைய இடத்தில் ஏற்றி வைத்திருந்த மழை அளவுகள்.

“என்னம்மா தட்டின?”

“நீங்க சொன்னதைத்தான் சார்.”

“அப்ப என் ஸ்கிரிப்ட் தப்புங்கிறியா?”

மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் ஜெபதுரையே அந்த ஸ்கிரிப்டை ஓட்டினார். அவருடைய கோப்புகள் அத்தனையும் காணோம்!

பதறிப்போய், எழுதியதை வரி வரியாகப் படித்தார். குப்பை இருக்கும் இடத்தைத் தேடு. அங்கே போ. இருப்பதை அழி.

சரிதானே?

ஆனால் குப்பையே இல்லை. தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இடம் சொல்லாமல் ‘போ’ என்றால், ஓட்டுகிறவரின் சொந்த இடத்துக்கே அது போய்விடும். போய், அங்கே இருந்ததை அழித்திருக்கிறது; அன்று அவளுடையதை, இன்று அவருடையதை.

கிடைக்காவிட்டால் நிறுத்து என்று ஒரு வரி. அதை அவர் எழுதவே இல்லை.

அட்டுவம்பட்டிக்கு அவள் வீட்டைத் தேடிப் போனார். ஏதோ கடைக்காக ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னோடதும்மா. தேடினது கெடைக்கலைன்னா நிறுத்துன்னு நான் எழுதலை.”

“தெரியும் சார்.”

“தெரியுமா? எப்ப?”

“அன்னைக்கே. நீங்க திட்டிட்டுப் போனப்புறம் படிச்சுப் பார்த்தேன்.”

“அப்ப டைரக்டர்கிட்ட ஏம்மா சொல்லலை? சோலி போயிருக்காதே!”

அவள் கை நின்றது.

“சொல்லத்தான் சார் போனேன். ரூம் வாசல்ல நிக்கிறேன், உள்ள நீங்க அவர்கிட்ட கெஞ்சிக்கிட்டு இருக்கீங்க. ‘கஷ்டப்பட்ட குடும்பத்துப் பொண்ணு சார், தெரியாம செஞ்சுட்டா, இந்த ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க’ன்னு. அதைக் கேட்டப்புறம் உள்ள வந்து, தப்பு உங்களோடதுன்னு எப்படி சார் சொல்றது?”