மூடி திறக்கும் நேரம்

சாகசக்காரன் படுக்கும் பனித்தொட்டியின் மூடி, அவனைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியம் சொல்லும் நேரத்துக்குத்தான் திறக்கும். கையால் திறக்கச் சாவி கிடையாது. அதில் லூர்தைப் பற்றிய பக்கத்தில் ஐம்பது நிமிடம் தாங்குவான் என்று இருந்தது. அது அவன் ஒரு பத்திரிகைப் பேட்டியில் அடித்துவிட்ட பொய். முப்பதைத் தாண்டினால் நினைவு தப்பிவிடும் என்பது மனைவி ஜெசிந்தாவுக்குத் தெரியும். திருத்தச் சொல்லி எழுதிவிட்டதாகச் சொல்லித்தான் அவன் உள்ளே இறங்கினான். மூடி விழுந்த பிறகு தொட்டியின் நேரப் பலகையில் ஐம்பது என்றே வந்தது.

கலைக்களஞ்சிய ஆசிரியரைப் போனில் பிடித்தாள்.

"அவரே எழுதிக் கொடுத்தாரே சார், ஏன் மாத்தல?"

"தன்னைப் பத்தித் தானே சொல்றத ஏத்துக்க மாட்டோம்மா. நடுநிலை வேணும்."

"பேப்பர்ல சொன்னதும் அவருதான?"

"அது அச்சுல வந்துருச்சே."

"நான் அவரு பொண்டாட்டி. நான் சொல்லுதேன் சார்."

"நீங்க வேண்டப்பட்டவங்க. வேற யாராவது பேப்பர்ல எழுதட்டும், உடனே மாத்திடுறேன்."

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன்வரிசையில் மாலைப் பத்திரிகை நிருபர் ஒருவன் வடை தின்றுகொண்டிருந்தான். அவனிடம் ஓடினாள்.

"தம்பி, முப்பது நிமிஷம்தான் தாங்குவாருன்னு ஒரு வரி எழுதுய்யா."

"நடக்காதத எப்படிக்கா எழுத? வேலை போயிரும்."

தொட்டிக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. கூட்டம் சாகசம் என்று நினைத்துக் கைதட்டியது. ஜெசிந்தா நாற்காலியைத் தூக்கி அடித்தாள். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. தட்டும் சத்தம் நின்றது.

நிருபன் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.

"இப்ப எழுதலாம்க்கா. அண்ணனுக்கு வயசு என்ன?"