பாறைமேல் டவர்

சரிதாவின் கம்ப்யூட்டர் கடைக்குக் கம்பி வழியாக இணையம் வருகிறது. கைப்பேசிக்கு டவர் எதிர்ப்பாறையின் உச்சியில்தான் கிடைக்கும். புளி வியாபாரி வெள்ளையன் தன் வியாபாரத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்க, புளி பிசுபிசுக்கும் கையால் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி அங்கே வெயிலில் நிற்கிறார். "ஓடிபி வந்துட்ச்சிம்மா!" "கத்தாதீங்கண்ணா, எறங்கி வந்து காட்டுங்க!" "ரெண்டு வாட்டி எறங்கினேன், வர்றதுக்குள்ள டைம் பூடுதே!" ஒவ்வோர் எண்ணாகக் கூவுகிறார். எதிர்மலையும் அதையே திருப்பிக் கூவுகிறது. கடையில் வரிசையில் நிற்பவர்களின் உதடுகளும் அசைகின்றன. 'ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று தானே ஒட்டிய தாளின் கீழே சரிதா பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகிறாள். திரையில் நொடிகள் கரைகின்றன. சட்டென்று வாசலுக்கு ஓடி, வாயருகே கை குவித்து அவளே கத்துகிறாள்: "கடைசி நம்பர் இன்னாண்ணா?" பாறை வாய் திறப்பதற்குள் வரிசை மொத்தமும் சொல்கிறது: "ஏழு!"