தையல் வருமானம்

“படிச்சிட்டுத்தான் போடுவேன்.”

“இத்தனை வருஷமா படிச்சிட்டா போட்டே?”

இரண்டு குரலும் தெருவரைக்கும் வந்தன. பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வாசலில் வாடகைக் கார் நின்றது. பதிவாளர் அலுவலகத்தில் வீட்டை வாங்குகிறவர் காத்திருந்தார். வீடு வேதவல்லியின் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்து விழாமல் ஒன்றும் நகராது.

அவள் கணவர் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்.

கல்யாணமானதிலிருந்து அதுதான் வழக்கம். குறி இருக்கும் இடத்தில் மனைவி கையெழுத்துப் போடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து போடுவாள். பொங்குவதற்குள் திரும்பிப் போய்விடுவாள்.

இன்று கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, உரக்கப் படித்தாள்.

“எனது சுயசம்பாத்தியத்தில் கிரயம் பெற்று, எனது சுவாதீனத்திலும் அனுபவத்திலும் இருந்துவரும்...”

நிமிர்ந்தாள்.

“இது யாரு?”

“நீதான்.”

“நான் எப்ப சம்பாதிச்சேன்?”

“தையல்ல.”

சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

உறையூரில் பாதிப் பேருக்கு வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் அவர். மில்லில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்தான். தெருவில் ஆடிட்டர் என்று பெயர். வரியை மிச்சம் பிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஊருக்குக் கணக்கெழுதி வந்த காசையெல்லாம் மனைவி பெயரில் போட்டார். வீடு, வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட்.

இவளுக்கு ஏது இவ்வளவு பணம் என்று அரசாங்கம் கேட்குமே. அதற்காக அவளுக்கு ஒரு தொழில் கொடுத்தார்.

தையல் மற்றும் பூவேலை.

தொழில் நன்றாகத்தான் நடந்தது. வருடத்துக்குப் பத்து சதவீதம் வளர்ந்தது.

வேதவல்லிக்கு ஊசியில் நூல் கோக்க வராது. ரவிக்கைக்குக் கொக்கி வைக்கக்கூட எதிர்க்கடை ஜாகிரிடம்தான் கொடுத்தனுப்புவாள். தெருவுக்கே தெரியும். அரசாங்கத்துக்குத்தான் தெரியாது.

“வித்த பணம் எங்க போகுது?”

“எத்தனை தடவ சொல்றது? புனேவுக்கு. கதிரேசன் ஃப்ளாட் வாங்குறான். நமக்குன்னு ஒரு ரூம் தரேங்கிறான், பெத்த பிள்ளை.”

“அந்த ரூம்ல நான் என்ன செய்வேன்?”

“நீ எதுக்கு ரூம்லயே இருக்கப் போற? சமையல் இருக்கு. பேத்தி இருக்கா.”

அவள் மறுபடி பத்திரத்தைப் பார்த்தாள். சுயசம்பாத்தியம் என்ற சொல்லை விரல் இன்னொரு முறை தடவியது.

“இவ்வளவு தச்சிருக்கேன்,” என்றாள். “இனிமே கொஞ்சம் உக்காரணும்.”

அவர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

“வேதா, விளையாடாத. அது என் பணம்.”

“அப்படின்னு எழுதிக் குடுங்க.”

எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எழுதினால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்பதும் தெரியும். அவள் தைக்கவே இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளால் முடியாது. அந்த ஆள் அவர்தான்.

ஊருக்கெல்லாம் வழி சொன்னவர், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் அவருடைய ரப்பரை எடுத்தாள். பென்சில் குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். தாள் கசங்காமல், பதவிசாக.

பிறகு பாலை அடுப்பில் வைக்கப் போனாள்.

கதிரேசன் மாமனார் பணத்தில் ஃப்ளாட் வாங்கினான். அந்த அறை மாமனாருக்குப் போயிற்று.

வேதவல்லி தை மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போய்விட்டாள். டெபாசிட் வட்டியே போதுமாம். மூன்று வேளையும் சாப்பாடு அறைக்கு வருகிறதாம். ஒரு கட்டிலா, இரண்டு கட்டிலா என்று கேட்டார்களாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரும் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

ஒன்று என்றாளாம்.

யார் விசாரித்தாலும், தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்கிறாளாம். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல்.

அவர் உறையூரிலேயே இருக்கிறார். அவள் வீடுதான், போகச் சொல்லவில்லை. வாடகையும் கேட்கவில்லை. சட்டையில் மேல் பட்டன் இல்லாமல் கடைக்கு வருகிறார். ஜாகிர் கவனிக்காத மாதிரி இருந்துவிடுகிறான்.

ஜூலையில் அவளுடைய வரிக் கணக்கைப் போட உட்கார்ந்தார். அவள் கேட்கவில்லை. வேறு யாரிடமும் கொடுக்கவும் இல்லை.

தொழில் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். ஓய்வு பெற்றுவிட்டாள் என்று போட்டு முடித்துவிடலாம்.



தையல் மற்றும் பூவேலை என்று அடித்தார். போன வருடத் தொகையோடு பத்து சதவீதம் கூட்டினார்.

முகவரியை மட்டும் மாற்றினார்.