காலிக் கட்டம்

எங்கள் கல்லூரியில் நான் மருத்துவத் தகவலியல் நடத்துகிறேன். ஆஸ்பத்திரிப் பதிவுகளைக் கணினியில் எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பாடம். உண்மையான நோயாளிகளின் விவரத்தை வகுப்பில் காட்டக் கூடாது. அதனால் பயிற்சிக்கு வேண்டிய ஆட்களை நானே கற்பனை செய்துகொள்வேன். சின்னாளப்பட்டி பழனியம்மாள் அப்படி வந்தவர். தறி வேலை, சர்க்கரை, இடது காலில் ஆறாத புண். புண் ஆறிவிட்டால் பாடம் நடத்த ஒன்றுமிருக்காது என்று வருடா வருடம் அதை அப்படியே விட்டுவைத்திருந்தேன்.

நேற்று மதியம் அவர் என் அறைக்கு வந்தார். இடது காலில் கட்டுப் போட்டிருந்தது. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். வேறென்ன செய்வது?

"புண்ணைப் பத்திக் கேக்க வரல டீச்சர். அது பழகிப்போச்சு," என்றார். "புள்ளைக இருக்கா இல்லையான்னு ஒண்ணும் போடாம விட்டுட்டீங்க. வீட்டுக்குள்ள அம்மான்னு குரல் மட்டும் கேக்குது. போய்ப் பாத்தா யாரும் இல்ல."

கணினியில் அவர் பதிவைத் திறந்தேன். பிள்ளைகள் என்ற கட்டம் காலியாகத்தான் இருந்தது. 'இல்லை' என்று அடிக்கத்தான் விரல் போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். 'ஒன்று' என்று அடித்துச் சேமித்தேன். புண்ணையும் ஆறியதாக மாற்றினேன்.

அவர் எழுந்து, நொண்டாமல் நடந்து போனார். வாசலைத் தாண்டியவர் திரும்பி நின்றார். அவர் கையைப் பிடித்தபடி ஒரு சிறுமி நின்றிருந்தாள்.

"இவ பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டார்.