அறுபத்து மூன்றாம் நாள்

ரீப்பர் கட்டை மகனின் தோளில் இறங்கி இரண்டாக முறிந்தது. அப்பா ஒரு பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, கையில் தங்கிய பாதியை மறுபடி ஓங்கினார்.

“பட்டறைக்குள்ளயே பாட்டிலா? அதுவும் என் பட்டறையில!”

“சத்தியமா அது என்னுது இல்லப்பா!”

மகன் மரத்தூளில் கிடந்தான். புருவம் கிழிந்து, வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. கதவுப் பலகையை ஒற்றை ஆளாய்த் தூக்குகிற தச்சன், திருப்பி அடிக்க முடியாதவன் இல்லை. குடித்துத் திரிந்த காலத்தில் ஒருமுறை அப்பாவைக் கீழே பிடித்துத் தள்ளியவன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இன்று அவன் கையைக் கட்டிப்போட்டிருந்தது.

பாட்டிலைக் கண்டுபிடித்தவள் மருமகள். சாயங்கால டீயோடு வந்தவள், பிளைவுட் அடுக்குக்குப் பின்னால் விழுந்த அளவு டேப்பை எடுக்கக் குனிந்தாள். பாதி காலியான பாட்டில் கைக்குத் தட்டுப்பட்டது. மூடியைக்கூட ஒழுங்காகத் திருகவில்லை. “இது யாருது?” என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா துணியை வீசிவிட்டுக் கட்டையை எடுத்துவிட்டார்.

இப்போது அவளே குறுக்கே விழுந்தாள்.

“போதும் மாமா! இன்னியோட அறுபத்து மூணு நாள். தினமும் காலையில மாத்திரையைத் தண்ணியில கரைச்சு, பக்கத்துல நின்னு குடிக்க வைக்கிறேன். அந்த மாத்திரை போட்ட உடம்புல ஒரு வாய் சரக்கு போனாலும் மூச்சு முட்டி, வாந்தி எடுத்து, ஆளே விழுந்துடுவாங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இவரைப் பாருங்க, அப்படியா இருக்கார்?”

“மாத்திரையாம் மாத்திரை! சுண்ணாம்புத் தண்ணி! காலையில உன் கையிலருந்து பிடுங்கி நானே ஒரு டம்ளர் குடிச்சேனே, எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லாட்டம் நிக்கல?”

உண்மைதான். “புருஷனுக்குப் பாலாடையில புகட்டுறியாக்கும்!” என்று நக்கலடித்தபடி, ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார். அவள் முணுமுணுத்துக்கொண்டே கணவனுக்கு வேறொரு மாத்திரையைக் கரைத்தாள்.

கோபத்தில் அப்பாவின் முகம் காதுவரை சிவந்திருந்தது. மூச்சு வேறு இரைத்தது. அவருக்கும் வயதாகிவிட்டது. பாலிஷில் கலக்கிற ஸ்பிரிட் வாடையே மகனுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, பாலிஷ் வேலை முழுவதையும் அவர்தான் பார்க்கிறார். அந்த வாடை அவர் சட்டையை விட்டுப் போவதே இல்லை. “பெத்த பாவத்துக்கு இந்த நாத்தத்துல கெடந்து சாகிறேன்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவார்.

“என் பேச்சுல நம்பிக்கை இல்லேன்னா அவன் வாயை மோந்து பாரும்மா!”

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். பட்டறை முழுக்க ஸ்பிரிட் வாடை, அதில் எது எங்கிருந்து வருகிறது என்று எப்படிப் பிரித்தறிவாள்? அவள் முகத்தில் ஒரு நொடி சந்தேகம் ஓடியது.

கட்டையால் வாங்கியதைவிட அதுதான் மகனுக்கு வலித்தது. ‘இன்னொரு தடவை குடிச்சா நம்ம பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்’ என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள்.

“சந்தேகமா? இப்பவே தீர்த்து வைக்கிறேன்!”

அப்பா மகனின் நெஞ்சில் முழங்காலை ஊன்றினார். முடியைக் கொத்தாகப் பிடித்து, பாட்டில் வாயை அவன் பல்லில் இடித்தார்.

“குடிடா! மாத்திரை நெசம்னா வாந்தி எடு, பார்க்கலாம்!”

உதடு கிழிந்தது. மகன் பல்லைக் கிட்டித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான். ஒரு சொட்டு உள்ளே போக விடவில்லை. மருமகள் வேறு வழி தெரியாமல் மாமனாரின் மணிக்கட்டைக் கடித்தாள். பாட்டில் எகிறி, ரம்பத்தின் மேல் விழுந்து சிதறியது.

“என்னையே கடிக்கிறியா?” அவளை அறைய ஓங்கிய கை பாதியிலேயே நின்றது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் மடங்கி, மரச் சுருளின் மேல் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார்.

“அப்பா!” அடி வாங்கியவனே தவழ்ந்து வந்து தாங்கிக்கொண்டான். “ஹார்ட் அட்டாக் போலிருக்கு! டாக்டருக்குப் போன் போடு!”

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு டாக்டர்தான். கணவனுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தவர்.

“டாக்டர், மாமனாருக்கு முகமெல்லாம் செவந்து போச்சு... நெஞ்சு படபடன்னு அடிக்குது... மூச்சு முட்டுது... வாந்தி...”

சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்து நின்றது. மறுமுனையில் டாக்டர் ஏதோ கேட்டார். அவள் மண்டியிட்டு, முந்தானையால் மாமனாரின் வாயைத் துடைத்தாள்.

“மாமா... மறைக்காம சொல்லுங்க, ஆம்புலன்ஸ் அனுப்பணுமாம், டாக்டர் கேக்கிறார். எவ்வளவு குடிச்சீங்க?”