மதிப்புரையின் அசல் பிரதி

சலூன்காரன் கபிரியேலின் சவரக்கத்தி முனாப் மாஸ்டரின் தொண்டைக்குழியில் நின்ற நேரம் பார்த்துத்தான் றவூப் பத்திரிகையோடு கடைக்குள் வந்தான்.

மாஸ்டரால் திரும்பக்கூட முடியவில்லை. கழுத்துவரை வெள்ளைத் துணி, முகமெல்லாம் சவுக்கார நுரை.

மூன்று வாரமாகக் கண்டி மஹய்யாவையில் வேறு பேச்சே இல்லை. கண்டி ராசாக்கள் காலத்து முஸ்லிம் வைத்தியர்களைப் பற்றி, பதினொரு வருஷம் ஏடு தேடி அலைந்து மாஸ்டர் எழுதிய புத்தகம். அதைக் கொழும்புப் பத்திரிகையில் எவனோ ‘உண்மைநேசன்’ என்ற பெயரில் நார் நாராகக் கிழித்திருந்தான். ஏழு பிழையாம்.

றவூப் ஏழையும் உரக்க வாசித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், புத்தகம் வந்து எட்டு மாதம் ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை பிரதியும் மாஸ்டரின் அலுமாரியில் கறையானுக்குக் காத்துக் கிடந்தன. இந்த ஏச்சு வந்த பிறகுதான் ஆளுக்கொன்று வாங்கினார்கள். இவ்வளவு பேசப்படுகிற ஆளா என்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர் வேலைக்கும் அவர் பெயர் அடிபட்டது. வெள்ளிக்கிழமை முடிவு.

“மாஸ்டர், நீங்க ஒண்ணும் பேச வாணாம். அந்தாள் கையால எழுதின அசலையே பத்திராதிபர்கிட்ட கேட்டு வாங்கிட்டேன். கண்டி ஆளுன்னா எழுத்தப் பாத்தே புடிச்சிருவேன்” என்றான் றவூப்.

வாசிகசாலைச் செயலாளர் அல்லவா, செய்யக்கூடியவன்தான்.

மாஸ்டர் எழப் பார்த்தார். கபிரியேல் அவர் நெற்றியில் விரலை அழுத்தி, அசைந்தால் வெட்டுப்படும் என்றான்.

கண்ணாடியில் தபால் உறை கிழிவது தெரிந்தது. றவூப் சிரித்துக்கொண்டேதான் தாளை விரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

ஒரு வரியில், ஒரு ‘ழ’வின் சுழித்த வாலில் விரலை வைத்தான். பிறகு, தானே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்த கூட்ட அறிவித்தலைப் பார்த்தான். மறுபடி தாளை. கடைசியாகக் கண்ணாடிக்குள் மாஸ்டரை.

யாரென்று சொல்லச் சொல்லி பெஞ்சே நச்சரித்தது.

“வெளியூர் எழுத்து. நமக்குத் தெரியாத ஆள்.”

தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். மாஸ்டரிடம் கொடுக்கவில்லை.

கத்தி மறு கன்னத்துக்குப் போனது.

ஐந்து வயதில் றவூபின் விரலைப் பிடித்து, ழானாவின் வாலை அப்படிச் சுழிக்கப் பழக்கிய கை, வெள்ளைத் துணிக்கு அடியில் வியர்த்துக்கொண்டிருந்தது.